போணிக்கு உகந்த கை

ஈரோட்டில் காளிங்கராயன் வாய்க்காலை ஒட்டிய காய்கறிச் சந்தையில் நாற்பத்து மூன்று கடைகள். நாற்பத்து மூன்றிலும் அட்டையில் பணம் வாங்கும் பொறி இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்குக் கடை திறக்கும்போது நாற்பத்து மூன்று பொறிகளும் அணைந்தே இருக்கும்.

தாள் பணம் கிட்டத்தட்ட மறைந்துவிட்ட காலம் அது. பேருந்தில், கோயில் உண்டியலில், பஞ்சுமிட்டாய் வண்டியில்கூட அட்டைதான். ஆனால் இந்தச் சந்தையில் நாளின் முதல் விற்பனையான போணியை மட்டும் எந்த வியாபாரியும் அட்டையில் வாங்குவதில்லை. ‘உள்ளங்கை’ என்ற கோயம்புத்தூர் கட்டண நிறுவனம் இதற்காக மூன்று முறை ஆட்களை அனுப்பியது. முதலில் வந்தவர் தள்ளுபடி தருவதாகச் சொன்னார். இரண்டாமவர் பரிசுக் குலுக்கல் அறிவித்தார். மூன்றாமவர் கடைக்கு ஒரு குடை கொடுத்தார். வியாபாரிகள் குடையை மட்டும் வாங்கிக்கொண்டார்கள்.

நான்காவதாக வந்தவள் ஆதிரை. முப்பத்தொரு வயது. அவள் பொறி விற்பவள் அல்ல, வடிவமைப்பவள். பதினோரு நாள் காலை நாலே முக்காலுக்கு வந்து, சந்தையின் நடுவே ஒரு வெங்காய மூட்டையின் மேல் உட்கார்ந்து, எதையும் விற்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு எதிரில் தக்காளிக் கடை. கடைக்காரர் வெள்ளியங்கிரி சந்தைச் சங்கத்தின் தலைவரும்கூட. அவருடைய மேசை இழுப்பறையில் ஒரு பத்து ரூபாய்த் தாள் இருந்தது. நைந்து துணி மாதிரி ஆகிவிட்ட தாள். முதல் வாடிக்கையாளர் வந்ததும் அந்தத் தாளை எடுத்து அவரிடமே கொடுப்பார். வாங்கியவர் அதைச் சற்று நேரம் பிடித்திருந்து, வலது கையால் திருப்பித் தருவார். வெள்ளியங்கிரி அதைக் கண்ணில் ஒற்றி, தராசில் ஒற்றி, இழுப்பறைக்குள் போட்டுவிட்டுப் பொறியை இயக்குவார். “இப்ப அட்டையப் போடுங்க.”

“உங்க காசயே உங்களுக்குத் திருப்பித் தர்றாங்க. இது எப்படீங்க போணியாகும்?” என்று ஆதிரை கேட்டாள்.

“காசு யாரோடதுங்கறது பேங்கு பாத்துக்கும் அம்மிணி. கை யாரோடதுங்கறதுதான் போணி.”

ஒன்பதாவது நாள் அவசரத்தில் இருந்த ஒருவர் தாளை விரல் நுனியில் வாங்கி உடனே நீட்டினார். வெள்ளியங்கிரி வாங்கவில்லை.

“அப்படியில்லீங்க. சித்த நேரம் உள்ளங்கையில வெச்சிருந்து குடுங்க.”

“ஏனுங்க?”

“சில்லுனு இருந்தா அது பெட்டிக் காசு. சூடா இருந்தாத்தான் கைக்காசு.”

ஆதிரை மூட்டையிலிருந்து இறங்கினாள். நிறுவனம் பதினைந்து ஆண்டுகளாகத் தேடிய விடை அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. அட்டைப் பொறிகள் பணத்தை வேகமாகவும் பிழையில்லாமலும் திருட்டுப் போகாமலும் கடத்தின. கையின் சூட்டைக் கடத்த வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

நான்கு மாதத்தில் அவள் வெம்மைத்தட்டைச் செய்து முடித்தாள். வாங்குபவரின் அட்டையில் இரு பக்கமும் ஒரு மெல்லிய உணர்படலம். அட்டையை உள்ளங்கையில் வைத்து மூடினால், கையின் சூட்டை அது தொள்ளாயிரம் புள்ளிகளில் அளக்கும். ஈரத்தையும் நாடித்துடிப்பையும் படிக்கும். விற்பவர் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்கு ஒரு செப்புத் தட்டு. பணம் கைமாறும் நேரத்தில் அந்தத் தட்டு அதே கையின் சூட்டோடு, அதே இடங்களில் அதே அளவில் சூடாகி, நான்கு நொடி அப்படியே இருக்கும். கால் நொடியில் முடிகிற வேலைக்கு நான்கு நொடியா என்று அலுவலகத்தில் முணுமுணுத்தார்கள். நாம் விற்கப்போவதே அந்த நான்கு நொடியைத்தான் என்றாள் ஆதிரை.

முதல் தட்டை வெள்ளியங்கிரி கடையில் வைத்தாள். வாடிக்கையாளர் அட்டையைப் பிடித்ததும் செப்பு சூடானது. வெள்ளியங்கிரி தட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். மறுபடி ஒற்றினார்.

“இது வேர்த்த கை,” என்றார்.

“பஸ் ஸ்டாண்டுல இருந்து நடந்து வந்தனுங்க,” என்றார் வாடிக்கையாளர்.

வெள்ளியங்கிரி பத்து ரூபாய்த் தாளை இழுப்பறையிலிருந்து எடுத்து, சுவரில் மாட்டியிருந்த சாமி படத்தின் கண்ணாடிக்குப் பின்னால் செருகினார். ஒரு வாரத்தில் நாற்பத்து மூன்று கடைகளிலும் வெம்மைத்தட்டு வந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் பொள்ளாச்சி, ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை என்று அது பரவியது. தலைமை அலுவலகம் பல கோடி செலவழித்தும் நுழைய முடியாத இடங்களுக்குள் ஒரு செப்புத் தகடு நடந்து போனதைப் பற்றி வணிக இதழ்கள் கட்டுரை எழுதின. பாராட்டு நியாயமானதுதான். ஒரு மக்களின் பழக்கத்தைக் கேலி செய்யாமல், அதன் உள்ளே இருக்கும் அளவைக் கண்டுபிடித்துப் பொறியில் ஏற்றுவது எளிய காரியம் அல்ல.

ஆனால் அந்தத் தட்டு ஒருத்திக்கு எந்த உதவியும் செய்யவில்லை.

துளசிமணியை ஆதிரை முதல் நாளே கவனித்திருந்தாள். நாற்பத்தைந்து வயதுப் பெண். சந்தை வாசலில் உள்ள டீக்கடை ஓரத்தில் இரண்டு காலிப் பைகளோடு நிற்பாள். எல்லோருக்கும் முன்னால் வந்து, எல்லோருக்கும் பின்னால் உள்ளே போவாள்.

“ஏனுங்கக்கா இங்கயே நிக்கறீங்க?”

“போணி ஆகட்டும்னு நிக்கறனுங்க.”

அவள் கணவர் இறந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது. வியாபாரிகள் யாரும் அவளை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். “அஞ்சு நிமிசம் கழிச்சு வாக்கா” என்றுதான் சொன்னார்கள். கடைக்கு ஐந்து நிமிடம். எல்லாக் கடையிலும் போணி முடிய ஆறு மணி ஆகிவிடும். அதற்குள் நல்ல பீன்ஸும் பிஞ்சுக் கத்திரிக்காயும் ஓட்டல்காரர்களின் வண்டியில் ஏறிவிடும். அவள் நடத்தும் மெஸ்ஸிலிருந்து ஒரு சாயப்பட்டறைக்குக் காலை ஏழு மணிக்கு நூற்று நாற்பது பேருக்கு டிபன் போக வேண்டும். இரண்டு முறை தாமதமாகிவிட்டது. மூன்றாவது முறை தாமதமானால் வேறு மெஸ் பார்த்துக்கொள்வதாகப் பட்டறை மேலாளர் சொல்லிவிட்டார்.

வெம்மைத்தட்டு வந்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். சூடு வந்து சேர்ந்தது. யாருடைய சூடு என்ற கேள்வி அப்படியே இருந்தது.

அதற்குப் பிறகு சங்கத்தார் ஒரு கோரிக்கை வைத்தார்கள். பொறிக்குத்தான் ஒவ்வொரு கையும் தெரிகிறதே, யார் கையில் போணி பண்ணினால் அன்றைக்கு வியாபாரம் நன்றாக நடக்கிறது என்று அதுவே சொல்லலாமே. ஆதிரை முதலில் மறுத்தாள். பிறகு யோசித்தாள். கைராசி என்பது இல்லாத ஒன்று. அளந்து பார்த்தால் எல்லோருக்கும் ஏறத்தாழ ஒரே எண்தான் வரும். அப்படி வந்தால் டீக்கடை ஓரத்தில் யாரும் நிற்க வேண்டியதில்லை. பொய்யை வாதாடித் தோற்கடிப்பதைவிட அளந்து தோற்கடிப்பது நல்லது என்று அவளுக்குத் தோன்றியது. ராசி எண் என்ற வசதியைத் தட்டில் சேர்த்தாள். அட்டையைக் கையில் பிடித்ததும், பணம் போவதற்கு முன்பே, தட்டின் மூலையில் ஒன்று முதல் நூறு வரையில் ஓர் எண் தெரியும்.

எண் தெரிய ஆரம்பித்த முதல் நாள், துளசிமணி வழக்கம்போல் ஆறு மணிக்கு உள்ளே போய், பீன்ஸ் வாங்கிவிட்டுத் தக்காளிக் கடைக்கு வந்தாள். அட்டையை எடுத்தாள். தட்டில் தொண்ணூற்றாறு என்று வந்தது.

வெள்ளியங்கிரி தட்டைத் துடைத்தார். மறுபடி வைக்கச் சொன்னார். தொண்ணூற்றாறு.

“பக்கத்துக் கடையிலயும் இதே நம்பர்தானுங்களா?” என்று தலையை நீட்டிக் கேட்டார்.

“அதேதாங்க,” என்றார் பக்கத்துப் பீன்ஸ் கடை ராக்கியண்ணன். “நானும் ரெண்டு தரம் பாத்துப்போட்டேன்.”

அடுத்த நாள் காலை நாலு ஐம்பத்தைந்துக்கு வெள்ளியங்கிரி டீக்கடைக்கே வந்தார். “அக்கா, நம்ம கடைக்கு வந்துட்டு அப்பறம் டீயக் குடிக்கலாமுங்க.”

“ஏன், ஆறு மணி ஆயிருச்சுங்களா?” என்றாள் துளசிமணி.

அவர் சிரிக்க முயன்றார். அவளும் விடுவதாக இல்லை. “ஆறு வருசமா நின்ன காலு. திடீர்னு நடன்னா நடக்குமுங்களா?” என்று சொல்லிக்கொண்டே டீயை முழுவதும் குடித்து முடித்துவிட்டுத்தான் போனாள்.

பதினோரு நாளில் சந்தை மாறிவிட்டது. இத்தனை ஆண்டுகளாக மேடைப் பேச்சும் பாடப்புத்தகமும் அசைக்காத ஒன்றைச் செப்புத் தட்டின் மூலையில் தெரிந்த இரண்டு இலக்கம் அசைத்தது. துளசிமணி ஐந்து மணிக்கே பீன்ஸ் வாங்கினாள். டிபன் ஆறே முக்காலுக்குப் பட்டறையில் இறங்கியது. ஆதிரை கோயம்புத்தூரிலிருந்து அந்த எண்களைப் பார்த்து மனம் நிறைந்தாள். எல்லோருக்கும் ஒரே எண் வரவில்லையே என்ற கேள்வி லேசாக உறுத்தியது. தரவு சேரச் சேரச் சரியாகிவிடும் என்று இருந்துவிட்டாள்.

மூன்று மாதம் கழித்துத் துளசிமணி அவளைத் தொலைபேசியில் அழைத்தாள்.

“கண்ணு, நான் நின்ன எடத்துல இப்ப சென்னியப்பன் நிக்கறானுங்க.”

சென்னியப்பன் ஒரு மகளிர் விடுதியின் சமையல்காரர். ஐம்பது வயது, நெற்றி நிறையத் திருநீறு, மனைவி மக்களோடு இருப்பவர். முன்பு வியாபாரிகள் பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் போணி வாங்கியது அவரிடம்தான். தட்டில் அவருடைய எண் நான்கு. தினமும் ஆறு மணி வரை டீக்கடையில் நின்றார். விடுதியில் வதங்கின காயைப் பார்த்துக் காப்பாளர் கத்தினார். மாதம் முடியும்வரை பார்ப்பதாகவும், அப்புறம் ஆளை மாற்றிவிடுவதாகவும் சொல்லிவிட்டார்.

“உங்களுக்குச் சவுரியமாத்தானுங்க இருக்குது?” என்றாள் ஆதிரை.

“எனக்குச் சவுரியந்தான். ஆனா அந்த எடம் காலியா இருக்கோணுமுன்னுதான் நான் நெனச்சேன். ஆள் மாத்தி நிக்கோணும்னு நெனைக்கல.”

ஆதிரை அன்று பகல் முழுவதும் பதிவுகளைத் தோண்டினாள். காரணம் மாலைக்குள் கிடைத்தது. அது அவள் தன் கையால் எழுதிய நிரலிலேயே இருந்தது. ஒருவருடைய கையைப் பற்றிப் பொறிக்கு எதுவும் தெரியாதபோது தொடங்குவதற்கு ஓர் எண் வேண்டும். எல்லோருக்கும் ஐம்பது என்று வைத்தால் பார்ப்பவர்கள் அதையே ஒரு தீர்ப்பாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைத்து, ஒன்றிலிருந்து நூறு வரை குலுக்கல் முறையில் ஏதாவது ஓர் எண்ணைக் கொடுக்கும்படி அவள் எழுதியிருந்தாள். முப்பது நாள் வியாபாரக் கணக்கு வந்ததும் அது அழிந்துவிடும் என்பது திட்டம். அழியவில்லை. தொண்ணூற்றாறைப் பார்த்த வியாபாரி அன்றைக்கு நல்ல சரக்கை முன்னால் அடுக்கினார், சிரித்தார், ஒரு பிடி கூடப் போட்டார், வியாபாரம் ஏறியது. நான்கைப் பார்த்தவர் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்தார், அது இறங்கியது. முப்பது நாள் கழித்துப் பொறி அளந்தபோது குலுக்கலில் விழுந்த எண்ணே உண்மையாகியிருந்தது. கைராசியைப் பொறி அளக்கவில்லை. அதை விதைத்து, வளர்த்து, அறுவடை செய்து, எடை போட்டுக் காட்டியிருந்தது.

தலைமை அலுவலகம் எண்ணைச் சத்தமில்லாமல் எடுத்துவிடச் சொன்னது. எடுத்தால் என்ன நடக்கும் என்று ஆதிரைக்குத் தெரியும். வியாபாரிகள் மறுபடியும் முகத்தைப் பார்ப்பார்கள். சென்னியப்பன் உள்ளே போவார், துளசிமணி வெளியே வருவாள்.

அவள் ஈரோட்டுக்கு வந்து நேராக மெஸ்ஸுக்குப் போனாள். மதியச் சாப்பாடு முடிந்து, துளசிமணி மறுநாளைக்குப் பருப்பு ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டாள்.

“அப்ப எனக்கு வந்த தொண்ணூத்தாறு?”

“குலுக்கல்ல விழுந்ததுங்கக்கா.”

“அவனோட நாலு?”

“அதுவும் அப்படித்தான்.”

துளசிமணி பருப்பைக் கிளறினாள். “மூணு மாசம் மகாராணி மாதிரி நடந்தனே கண்ணு. பொடவயக்கூட மாத்திக் கட்டுனேன்.” பிறகு கையைத் துடைத்தாள். “சொல்லிப்போடு.”

“சொன்னா உங்கள மறுபடி வெளிய நிக்க வெச்சிருவாங்க. பட்டறை ஆர்டரு போயிருமுங்க.”

“போனாப் போகுதுன்னு சொல்ல எனக்கு வசதியில்ல. ஆனா அவன் நிக்கறதப் பாத்துக்கிட்டே பீன்ஸ் வாங்க முடியல. எனக்காச்சும் நின்னு பழக்கம். அவனுக்கு நிக்கவே தெரியல. கூச்சத்துல தெனமும் மூணு டீ குடிக்கறான்.”

அன்று பிற்பகல் நான்கு மணிக்குச் சங்கக் கட்டடத்தில் கூட்டம் கூடியது. வியாபாரிகள் எல்லோரும் வந்திருந்தார்கள். துளசிமணி பின் வரிசையில் உட்கார்ந்தாள். சென்னியப்பன் உள்ளே வராமல் கதவருகே நின்றார். ஆதிரை எதையும் மறைக்கவில்லை. குலுக்கலைச் சொன்னாள், எண் எப்படித் தன்னைத் தானே உண்மையாக்கிக்கொண்டது என்று சொன்னாள், தவறு தன்னுடையது என்றும் சொன்னாள். ஒரு சண்டைக்கு அவள் தயாராக இருந்தாள்.

வெள்ளியங்கிரிதான் முதலில் பேசினார். “குலுக்கிப் போட்டதுன்னு சொல்றீங்க. அதை யாரு எடுத்தது?”

“யாரும் எடுக்கலைங்க. பொறியே எடுத்தது.”

“மனுசன் கை படல?”

“படலைங்க.”

“இன்னாருக்கு இன்னதுன்னு அதுக்குத் தெரியுமா?”

“எதுவுமே தெரியாதுங்க. யாரு, என்ன, எதையும் அது பாக்கல. அதைத்தான் நான் சொல்றேன்.”

வெள்ளியங்கிரி மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த அறையில் ஒரு மூச்சு விடுபட்டது போலிருந்தது. ராக்கியண்ணன் இரு கைகளையும் கூப்பினார்.

“எம்பொண்ணு கல்யாணத்துக்குக் கோயில்ல பூக் கேட்டமுங்க,” என்றார். “செவப்பும் வெள்ளையும் தனித்தனியாப் பொட்டலங் கட்டிப் போட்டு, எது எதுன்னு தெரியாம ஒரு கொழந்தய எடுக்கச் சொன்னோம். வெள்ள வந்துது, கட்டிக் குடுத்தோம். அது ஏன் வெள்ளன்னு நாங்க கேக்கலீங்க.”

“இது பூ இல்லைங்க,” என்றாள் ஆதிரை. “கணினி கடிகாரத்தோட கடைசி இலக்கத்தை எடுத்துப் பெருக்கி வகுக்கிற ஒரு முறை. அந்த நொடியில என்ன நேரமோ அதுதான் எண்.”

“அந்த நேரத்தத்தானுங்க நாங்க நல்ல நேரம், கெட்ட நேரம்னு சொல்றது,” என்றார் வெள்ளியங்கிரி. அவர் குரலில் கிண்டல் இல்லை. “அம்மிணி, கணக்குப் போட்டு வந்த நம்பருன்னா நாங்க சண்டைக்கு வந்திருப்போம். எங் கணக்குத் தப்பு, உங் கணக்குத் தப்புன்னு பேசலாம். மனுசன் கை படாம, ஆள் பாக்காம விழுந்தது மேல இருக்கறவ குடுத்த வாக்கு. அதுல பேசறதுக்கு என்ன இருக்குது? இத்தனை நாளா சந்தேகத்தோட வெச்சிருந்தோம். இனி சந்தேகமில்லீங்க.”

சங்கம் அன்றே ஒரு தீர்மானம் போட்டது. விழுந்த எண்ணை இனி மாற்றக்கூடாது, மறு கணக்கும் போடக்கூடாது. ஆதிரை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். உண்மையைச் சொன்னால் எண் செத்துவிடும் என்று நினைத்திருந்தாள். அதைச் சாகாததாக்கிவிட்டாள். கதவருகே சென்னியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நேற்றுவரை ஒரு பொறி அவரை வேண்டாம் என்றது. இப்போது சொன்னது பொறியைவிடப் பெரியது.

பின் வரிசையில் துளசிமணி எழுந்தாள். “ஒண்ணே ஒண்ணு கேக்கறேன் கண்ணு. பொறிக்குத் தெரியாத புதுக் கை வந்தா அது மறுபடியும் பூப் போடுமா?”

“போடுமுங்கக்கா. புதுசா ஒரு எண் விழும்.”

“செரி,” என்று சொல்லிவிட்டு அவள் மாவு ஆட்டப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு ஆதிரையும் அங்கே இருந்தாள். துளசிமணி டீக்கடைக்குப் போய், சென்னியப்பனின் கையிலிருந்த டீக் கிளாஸை வாங்கிப் பலகையில் வைத்தாள். அவரைத் தக்காளிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். தன் அட்டையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்து, அதன் மேல் தன் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள்.

“அக்கா, என்னுங்க இது?” என்றார் சென்னியப்பன்.

“சும்மா இரு. ஒடம்புல சூடு இருக்குதல்ல, அது போதும்.”

அட்டையின் பாதுகாப்புப் பகுதி உரியவரின் கை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தது. இருந்தது, ஒப்புக்கொண்டது. ராசி எண்ணைக் கவனிக்கும் பகுதி, இரண்டு பக்கமும் வெவ்வேறு சூடுள்ள இப்படி ஒரு கையை இதுவரை கண்டதில்லை. எனவே அதைப் புதுக் கை என்று பதிந்துகொண்டது. தட்டின் மூலையில் ஐம்பத்திரண்டு என்று வந்தது.

வெள்ளியங்கிரி எண்ணைப் பார்த்தார், கைகளைப் பார்த்தார். “நடுவாந்தரமா வருதுங்கக்கா. நீங்க தனியா வெச்சா தொண்ணூத்தாறாச்சே.”

“தனிக் கை இனிமேல் கெடையாதுங்க.”

“இதென்ன ஒரண்டையாப் போச்சு.”

“நேத்து நீங்கதான சொன்னீங்க, விழுந்ததுல பேசறதுக்கு என்ன இருக்குதுன்னு. இப்ப விழுந்தது இதுதான். வேணுமா, அடுத்த கடைக்குப் போகட்டுங்களா?”

வெள்ளியங்கிரி தட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றினார். அவர் முகத்தில் ஒரு குழப்பம் தெரிந்தது. செப்பில் இரண்டு பேர் இருந்தார்கள்.

ராக்கியண்ணன் கடையில் அதே கையை வைத்தபோது அவர் வேறு விதமாக யோசித்தார். “ஐம்பத்திரண்டு சுமாருங்க. சென்னியப்பன அங்க நிக்கற கீரைக்காரங்கூடச் சேத்து வெச்சுப் பாக்கலாமுங்களா? எண்பது, தொண்ணூறு விழுந்தாலும் விழும்.” சேர்த்து வைத்தார்கள். எண்பத்தேழு விழுந்தது. ராக்கியண்ணன் சென்னியப்பனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு யாராலும் அதைத் தடுக்க முடியவில்லை. எண் குறைவாக உள்ளவர்கள் ஒரு நல்ல ஜோடியைத் தேடினார்கள். எண் அதிகமாக உள்ளவர்களும் இன்னும் அதிகத்தைத் தேடினார்கள். ஓட்டல் முதலாளி சுமைகூலிக்காரரோடு கை சேர்த்தார். மாமியாரும் மருமகளும் சேர்த்துப் பார்த்து, தொண்ணூற்றொன்று விழுந்ததால் அன்று வீட்டில் பேசிக்கொண்டார்கள் என்று ஒரு செய்தி உலவியது. யார் கையோடு யார் கை சேரலாம் என்பதற்கு அந்த ஊரில் எழுதாத சட்டங்கள் பல உண்டு. மீதிச் சில்லறையைக் கை படாமல் மேலிருந்து போட்டே பழகிய கைகள் உண்டு. நல்ல எண் வேண்டும் என்ற ஆசையில் அவற்றை ஒவ்வொன்றாக மறந்துபோனார்கள். மறந்ததையும் யாரும் கவனிக்கவில்லை.

துளசிமணியின் டிபன் நேரத்துக்குப் போனது. சென்னியப்பனை விடுதி வைத்துக்கொண்டது. தலைமை அலுவலகத்திலிருந்து ஆதிரைக்கு ஓர் எச்சரிக்கை வந்தது. அந்தச் சந்தையில் அட்டை வைத்திருப்பவர்கள் இரண்டாயிரத்து நூறு பேர், பதிவாகியிருக்கும் கைகள் முப்பத்தெட்டாயிரம், பிழையைக் கண்டுபிடித்துச் சரிசெய்யவும் என்று அதில் இருந்தது. அவள் பதிவுகளை மறுபடி சரிபார்த்துவிட்டு, பொறியில் பிழை எதுவும் இல்லை என்று பதில் எழுதினாள்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ஈரோட்டில் தோழி வீட்டில் தங்கியிருந்த ஆதிரை, அரைக் கிலோ பீன்ஸ் வாங்க விடியற்காலையில் சந்தைக்குப் போனாள். வேலையாக இல்லாமல் அவள் அங்கே போனது அதுதான் முதல் தடவை. ராக்கியண்ணன் அவளை அடையாளம் கண்டு, தங்கச்சி வீட்டுக்கு வந்ததுபோல் வரவேற்றார். பீன்ஸை நிறுத்துப் பையில் போட்டார். அவள் அட்டையை எடுத்ததும் அவர் முகம் சற்று மாறியது.

“தனிக் கையா வந்துட்டீங்களே அம்மிணி.”

“ஆமாங்க. ஏனுங்க?”

“இன்னும் போணி ஆகலீங்க. தனிக் கையில இப்ப யாரும் போணி வாங்கறதில்ல.” அவர் உண்மையாகவே வருந்தினார். “கோவிச்சுக்காதீங்க. அஞ்சு நிமிசம் அப்படி நில்லுங்க, யாராச்சு வரட்டும்.”

டீக்கடை ஓரத்தில் ஏற்கெனவே நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். தனியாக வந்தவர்கள், துணையில்லாதவர்கள், வெளியூர்க்காரர்கள். ஒருவரை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். ஆதிரையும் போய் நின்றாள். இந்தத் தட்டைச் செய்தது நான்தான் என்று யாரிடமாவது சொல்லலாமா என்று யோசித்தாள். சொன்னாலும் அவளுக்கு இருப்பது ஒரு கைதான்.

முட்டைக்கோஸ் லாரியிலிருந்து மூட்டை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் வேலையை நிறுத்திவிட்டு வந்தார். அறுபது வயது இருக்கும். கையை லுங்கியில் இரண்டு முறை துடைத்தார்.

“கை சேக்கலாமுங்களா? எனக்கும் ஒரு கட்டுக் கீரை வேணும்.”

“உங்க பேருங்க?” என்று கேட்டாள் ஆதிரை.

“அதெதுக்குங்க இப்ப. கையக் குடுங்க.”

ராக்கியண்ணன் கடை முன்னால் அவள் அட்டையை அவர் உள்ளங்கையில் வைத்து, மேலே தன் உள்ளங்கையை வைத்தாள். அந்தக் கை சொரசொரப்பாக, முட்டைக்கோஸின் ஈரத்தோடு, அவள் எதிர்பார்த்ததைவிடச் சில்லென்று இருந்தது. அட்டையின் இரு பக்கமும் மெதுவாகச் சூடேறியது. பொறி கடிகாரத்தின் கடைசி இலக்கத்தை எடுத்துப் பெருக்கி வகுத்துக்கொண்டிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அதில் எதுவும் இல்லை என்று அவளைவிட நன்றாக அறிந்தவர் உலகத்தில் யாரும் இல்லை.

தட்டின் மூலையில் எண் தோன்றியது. ராக்கியண்ணன் எட்டிப் பார்த்தார். மூட்டைக்காரர் எட்டிப் பார்த்தார். ஆதிரையும் எட்டிப் பார்த்தாள்.